தலைக்கு மேலே இருக்கும் தகடு

(பிள்ளைக் காப்பக மண்டபத்தில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு காத்துக்கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் போஷாக்கு, தடுப்பூசி, சேமிப்பு என்று பேசுவோம். இன்றைக்குக் கூரையைப் பற்றிப் பேசப்போகிறோம். சென்ற மாதம் லயம் லயமாகப் போனபோது எங்களிடம் கேட்ட கேள்விகளில் அதிகமானவை கூரையைப் பற்றித்தான். இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் கையால் நடந்த ஒரு தவறு. அதைக் கடைசியில் மறைக்காமல் சொல்கிறோம்.

முதல் கேள்வி ஒரு பாட்டி கேட்டது. "ஐயா, தகரம் தகரம்னு சொல்றோமே, அது என்னா சாமான்?"

நல்ல கேள்வி. உண்மையில் நம் கூரைத் தகரத்தில் தகரம் என்ற உலோகமே கிடையாது. அது உருக்குத் தகடு. அதன் இரண்டு பக்கமும் நாகம் பூசியிருக்கிறது. பாம்பு இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிற நாகம் என்ற உலோகம். சுமார் 420 பாகை செல்சியஸ் சூட்டில் நாகம் தண்ணீர் போல உருகிவிடும். உருகிய நாகத்தில் உருக்குத் தகட்டை முக்கி எடுப்பார்கள். இதற்குத்தான் கல்வனைஸ் என்று பெயர். 1837ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டுக்காரர் சோரல் என்பவர் இந்த முறைக்குக் காப்புரிமை எடுத்தார்.

நாகம் எதற்கு? இரும்பு மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும். நாகம் அதை மூடிக் காக்கிறது. அதோடு, தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிற நாகம் தான் முதலில் கரைந்து, இரும்பைக் கரைய விடாது. தான் பட்டினி கிடந்து பிள்ளைக்குச் சோறு போடுகிற தாயைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தாயும் ஒரு நாள் தீர்ந்துபோவாள். நாகம் தீர்ந்த இடத்தில்தான் சிவப்புத் துரு தெரிய ஆரம்பிக்கும்.

"வளைவு வளைவா ஏன் செய்றாங்க, தண்ணி ஓடவா?" என்று ஒரு தம்பி கேட்டார். தண்ணீர் ஓடவும்தான். ஆனால் முக்கிய காரணம் பலம். இதோ ஒரு கொப்பித்தாள். இரண்டு டம்ளருக்கு மேல் தட்டையாக வைத்தால் தன் பாரத்திலேயே தொய்கிறது. அதே தாளை விசிறி போல மடித்து வைக்கிறோம். இப்போது தீப்பெட்டியைத் தாங்குகிறது, பார்த்தீர்களா? லண்டனில் பாமர் என்ற பொறியியலாளர் இந்த யோசனைக்கு 1829இல் காப்புரிமை எடுத்தார். மெல்லிய தகட்டில் பெரிய கூரை போட முடிவது இந்த மடிப்பினால்தான்.

"கடையில 28 கேஜ், 32 கேஜ்னு சொல்றாங்க, எது நல்லது?" இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். கேஜ் எண் கூடக் கூட தகடு மெல்லிசாகும். 32ஐ விட 28 தடிப்பானது. அதோடு நாகம் எவ்வளவு பூசியிருக்கிறது என்றும் கேளுங்கள். அதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். 275 கிராம் என்றால் நல்ல பூச்சு. அதுவே ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரோன் தடிப்புத்தான் வரும். நம் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு அளவு! அந்த மெல்லிய பூச்சுத்தான் உங்கள் வீட்டைக் காக்கிறது. அதைச் சுரண்டாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

எப்படிப் பார்த்துக்கொள்வது? காற்றுக்குப் பயந்து கூரை மேல் கல், பழைய டயர், மண் மூட்டை எல்லாம் வைக்கிறோம். அதன் அடியில் ஈரம் காயாமல் நிற்கும், இலைதழையும் சேரும். துரு அங்கேதான் தொடங்குகிறது. காற்றுக்கு மருந்து கல் இல்லை, சரியான ஆணி. ஆணியைத் தகட்டின் மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடிக்காதீர்கள். பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. ரப்பர் வாசர் போட மறக்க வேண்டாம். ஓட்டை போட்ட பிறகு விழுகிற இரும்புத் தூளைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது துருப்பிடித்துத் தகட்டையும் கறையாக்கும். ஈரச் சீமெந்தும் நாகத்தை அரிக்கும். மேசன் வேலை செய்யும்போது தகட்டில் தெறித்தால் உடனே கழுவுங்கள். புதுத் தகடு வாங்கிவந்து அடுக்கி வைத்தால் மழை படாத இடத்தில் வையுங்கள். அடுக்கின் இடையில் ஈரம் புகுந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் துரு பிடிக்கும்.

தகரத்தைப் பற்றி இது போதும். இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அம்மாமாரே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

"ஐயா, அஸ்பெஸ்டஸ் சீட் நல்லதா கெட்டதா? டிவியில ஒண்ணு சொல்றாங்க, கடைக்காரரு ஒண்ணு சொல்றாரு."

அஸ்பெஸ்டஸ் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற ஒரு கனிமம். தமிழில் கல்நார் என்பார்கள். பெயர் மிகச் சரியானது. கல்தான், ஆனால் நாராகப் பிரியும். அந்த நாரைச் சீமெந்தோடு கலந்து சீட் செய்கிறார்கள். அதில் பெரும் பகுதி சீமெந்து, பத்தில் ஒரு பங்கு அளவு நார். தகரத்தைப் போல மழைக்குச் சத்தம் போடாது, வெயிலுக்கு அவ்வளவு கொதிக்காது, துருவும் பிடிக்காது. அதனால்தான் நம் மக்களுக்கு அது பிடித்துப்போனது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குற்றம் அந்த நாரில் இருக்கிறது. சீட்டை வெட்டினால், துளைத்தால், உடைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசு கிளம்பும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். உடம்பு அதைக் கரைக்காது. நுரையீரல் இறுகிப்போகும் நோயும், நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வருகிற புற்றுநோயும் இதனால் வரும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நோய் உடனே காட்டாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்தும் வரும். அதனால்தான் "எங்க அப்பா காலத்துல இருந்து இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சு எடுபடாது.

நம் நாட்டில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸுக்குத் தடை வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் எல்லா வகைக்கும் தடை. நம் அரசாங்கமும் 2018 ஜனவரி முதல் கட்டுப்பாடு கொண்டுவர இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையை வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததுதான் காரணம் என்று சொன்னார்கள். அஸ்பெஸ்டஸ் தோண்டி விற்பதில் ரஷ்யா உலகத்தில் முன்னுக்கு நிற்கிற நாடு. அந்த வாரங்களிலேயே நம் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. நீங்கள் பறிக்கிற கொழுந்துக்கும் உங்கள் தலைக்கு மேலே இருக்கிற சீட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்தது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்போ இன்னைக்கே கழட்டிப் போட்டுறவா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். உடையாமல், வெடிக்காமல் மேலே கிடக்கிற சீட்டால் ஆபத்துக் குறைவு. பதறிப்போய்க் கழற்றி உடைத்தால்தான் ஆபத்துக் கூடும். அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

பாசி பிடித்திருக்கிறது என்று கம்பிப் பிரஸ் போட்டுத் தேய்க்காதீர்கள். புகைபோக்கிக்கு ஓட்டை போட மின்சார கிரைண்டரால் வெட்டாதீர்கள். கட்டாயம் கழற்ற வேண்டுமானால் தண்ணீர் ஊற்றி நனைத்து, முழுசாகக் கழற்றி, கையால் இறக்குங்கள். மேலேயிருந்து எறிய வேண்டாம். தூசைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்த நாரைத் துணி தடுக்காது. வேலை செய்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

இன்னொன்று, பழைய சீட் ஆளைத் தாங்காது. பார்த்தால் கல் மாதிரி இருக்கும். கால் வைத்தால் பப்படம் மாதிரி நொறுங்கி ஆள் கீழே விழுவார். பந்து எடுக்க ஏறுகிற பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் மரச் சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, பலகையில் மட்டும் கால் வைக்க வேண்டும்.

"அந்தக் கூரைத் தண்ணிய புடிச்சிக் குடிக்கலாமா?" என்றும் ஒரு அக்கா கேட்டார். இந்த நாரின் ஆபத்து மூச்சில்தான். குடிநீரில் அதற்கு உலக சுகாதார அமைப்பு எல்லை அளவு எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடித்துக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். காக்கை எச்சமும் அழுக்கும் எந்தக் கூரையிலும் உண்டு.

இப்போது எங்கள் தவறைச் சொல்கிறோம்.

கீழ் லயத்துக்குக் கூரை மாற்றியபோது கழற்றிய பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டுகள் குவிந்து கிடந்தன. மழைக்காலம். பீலிக்குப் போகிற பாதை முழங்கால் சேறு. தண்ணீர்க் குடத்தோடு ஒரு அம்மா வழுக்கி விழுந்தார். "அந்தச் சீட்டுகளை உடைத்துப் பாதையில் போடுங்கள்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நாங்கள்தான். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தோம். மூன்று இளைஞர்கள் ஒரு நாள் முழுக்கச் சுத்தியலால் உடைத்தார்கள். அவர்களுக்கு நாங்கள் தேத்தண்ணீரும் கொடுத்தோம். இன்றைக்கும் நம் பிள்ளைகள் அந்தத் துண்டுகளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். வெயில் காலத்தில் அங்கே தூசு பறக்கிறது.

தெரியாமல் செய்தோம் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது எங்கள் கடமை. அந்த மூன்று தம்பிகளிடமும் நேரில் போய்ச் சொன்னோம். ஒரு நாள் தூசினால் நோய் வந்தே தீரும் என்றில்லை. எவ்வளவு அதிகம், எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்தே ஆபத்துக் கூடும். ஆனால் அஸ்பெஸ்டஸ் தூசோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்துப் பல மடங்காகும். அதனால் பீடி, சிகரெட்டை விடச் சொல்லியிருக்கிறோம். எப்போது நெஞ்சு நோய்க்கு ஆஸ்பத்திரி போனாலும் இந்த வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறோம். ஒருவர் அன்றைக்கே பீடிக்கட்டை எங்கள் முன்னால் அடுப்பில் போட்டார்.

பாதையைச் சரிசெய்யப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசி, துரையிடம் ஒரு லோட் கிரவலும் கேட்டு வாங்கியிருக்கிறோம். வருகிற ஞாயிறு காலையில் பாதையை நன்றாக நனைத்து, மேலே கிடக்கிற துண்டுகளை ஈரத்தோடு பொறுக்கி, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டுவோம். மண்ணுக்குள் புதைந்ததைத் தோண்டாமல், மேலே கிரவல் போட்டு இறுக்குவோம். சரியான முகமூடி பத்து வந்திருக்கிறது. ஆகவே பத்துப் பேர் போதும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது. முதல் ஆளாக நாங்கள் இறங்குவோம்.

உங்கள் வீட்டுப் பக்கம் கோழிக்கூட்டிலோ, கக்கூஸ் மறைப்பிலோ, வாசல்படியிலோ உடைந்த துண்டு கிடந்தால் நீங்களாகத் தொடாமல் எங்களிடம் பெயர் கொடுங்கள். யாரையும் ஏச மாட்டோம். ஏச்சு வாங்க வேண்டிய முதல் ஆள் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறது.