வானொலியும் கடற்கரைத் தமிழும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



வானொலியில் பணியாற்றிய நினைவுகளைப் பேசுமாறு பணித்தீர்கள். சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் வானொலிக் கழகம் தோன்றியது. 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 சூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அந்நெடிய வரலாற்றில், 2000-ஆம் ஆண்டையொட்டிச் சில காலம், பகுதிநேர அறிவிப்பாளராக ஓரத்தில் நின்றவள் நான்.

நாடகங்களும் இலக்கிய உரைகளும் அங்கே நிறைய உண்டு. எனினும் என் நெஞ்சில் நிலைத்தது, மீனவர்க்கான வானிலை அறிவிப்பே. ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் செய்தி அது. காற்றின் திசையும் வேகமும் கூறி, ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று முடியும்.

ஒருமுறை மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரிக் குப்பத்திற்கு நேர்காணலுக்காகச் சென்றிருந்தேன். முதிய மீனவர் ஒருவர் சொன்னார்: “கரகரப்புல கடைசிச் சொல்லு போயிடுதும்மா. போகலாமா வேண்டாமான்னு அந்தச் சொல்லுலதானே இருக்கு!”

இலக்கணம் பயின்ற எனக்கு அது புதிய பாடமாயிற்று. தமிழில் பயனிலை ஈற்றில் நிற்பது இயல்பு. எதிர்மறையும் அதனோடு சேர்ந்தே வரும். படிப்பவர் கண் மீண்டும் அவ்வரிக்குத் திரும்பலாம். கேட்பவர் செவிக்கு அந்த வாய்ப்பில்லை. ஈற்றுச் சொல் அலைவரிசையின் இரைச்சலில் கரைந்தால், ‘கடலுக்குச் செல்ல’ என்பது மட்டுமே எஞ்சும். விலக்கு விடையாக மாறிவிடும். அதன்பின் அவ்வரியை இருமுறை வாசிப்பதையும், ‘வேண்டாம்’ என்பதை ஓங்கி ஒலிப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். ‘ஒலிபரப்புக் கலை’ என்று தமிழில் ஒரு நூலே செய்த சோ. சிவபாதசுந்தரம் அவர்களை அந்நாளில்தான் தேடிப் படித்தேன்.

2004 திசம்பர் 26-ஐ இக்கரையோரத்தில் எவர் மறப்பர்? சுமத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை மணி. ஆழிப்பேரலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்நேரமெல்லாம் வானொலி ஒலித்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய சொல் மட்டும் அதனிடம் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. ஐதராபாத்தில் அத்தகைய மையம் 2007-இல்தான் அமைந்தது.

இன்று எச்சரிக்கை கைப்பேசியிலும் வருகிறது. 2022 திசம்பரில் மாண்டசு புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்ததற்குப் பல நாள் முன்பே செய்தி வந்துவிட்டது. அறிவியல் தன் கடமையைச் செய்கிறது. அச்செய்தியை, ‘வாடை’ என்றும் ‘கொண்டல்’ என்றும் காற்றை அறிந்த மக்களுக்கு ஒரே கேட்பில் விளங்கும் தமிழில் எழுதித் தருவது யார் கடமை? தமிழ் கற்றோர் கடமை என்பேன். நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களின் கடற்சொற்களைத் தொகுக்குமானால், அது சிறந்த இலக்கியப் பணியாகவும் உயிர்காக்கும் பணியாகவும் அமையும்.