அச்சில்லாமற் செய்யும் கண்ணாடிநார் உறுப்புகள்



ஒரேயொரு உறுப்பு வேண்டியவன் அதற்கென அச்சுச் செய்தால் உழைப்பு இரட்டிப்பாகும். அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பேர்ட் ரூட்டன் அச்சையே விலக்கினார். 1975இல் பறந்த அவருடைய வெரிஈஸி விமானத்தின் இறக்கை, பொலிஸ்ரைரீன் நுரைக்கட்டியைச் சூடான கம்பியால் அறுத்து, அதன்மேல் கண்ணாடிநார்த் துணியை எப்பொக்சியால் ஒட்டிச் செய்யப்பட்டது. நுரை உள்ளேயே தங்கிவிடும். பலர் தத்தம் வீட்டிலேயே அவ்விமானத்தைக் கட்டினர்.

இதைப் படித்த துணிவில், ஐயாவின் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கமூடி செய்ய முற்பட்டேன். இரண்டு நாள் அரத்தாளால் தேய்த்த றிஜிபோம் கட்டியில், மலிவென்று வாங்கிய பொலியெஸ்ரர் றெசினைப் பூசினேன். கட்டி கண்முன்னே கரைந்து குழியாயிற்று.

“காசைக் கரைக்கிற வித்தையோ, தம்பி?” என்றார் ஐயா.

பொலியெஸ்ரர் றெசினிலுள்ள ஸ்ரைரீன் அந்நுரையைக் கரைத்துவிடும், எப்பொக்சி கரைக்காது. பொலியூரித்தேன் நுரை இரண்டையும் தாங்கும். ஆனால் அதைச் சூட்டுக்கம்பியால் அறுக்கலாகாது, நச்சுப்புகை எழும்.

மறுமுறை எப்பொக்சியே வாங்கினேன். துணி நனைந்ததும் மிகுதியை வழித்தெடுத்தேன். பசை கூடினால் பாரம் கூடுமேயன்றி வலுக் கூடாது. மேற்பரப்பு கரடாகவே வந்தது. அச்சில்லா முறைக்கு அது கூடப்பிறந்த குறை. நிரப்பித் தேய்க்கத்தான் வேண்டும், அதுவும் முகமூடியும் கையுறையும் அணிந்து.

மூடி இப்போது வண்டியில் இருக்கிறது. ஐயா அதைத் துடைக்கும்போது ஒன்றும் சொல்வதில்லை.