‘டயலொக்’ என்னும் சொல்

மருதானையில் 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டவர் மண்டபத்தை அறியாத கொழும்புவாசிகள் அரியர். நாடகம் பார்த்து வருவோர், பாத்திரங்கள் பேசிய வசனத்தை ‘டயலொக்’ என்பர். அரசியல் தலைவர்கள் நடத்தும் பேச்சுவார்த்தைக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். ஒரு சொல் இவ்விரண்டையும் எவ்வாறு குறிக்கின்றது?

சொல்லின் பிறப்பிடம் கிரேக்கம். ‘டியா’ என்றால் இரண்டு. ஆகவே இருவர் பேசுவதே டயலொக் என்று பலர் எண்ணுவதுண்டு. அது பொருந்தாது. கிரேக்கத்தில் இரண்டைக் குறிக்கும் முன்னொட்டு ‘டி’ என்பதாகும். ‘டியா’ என்பதற்கு ‘ஊடாக’ என்பதே பொருள். ‘லோகொஸ்’ என்பது சொல். பேசுவோரின் ஊடாகச் சொல் சென்று வருவதே டயலொக். அறிஞர் பிளேட்டோவின் ‘விருந்து’ என்னும் உரையாடல் நூலில் பேசுவோர் இருவரல்லர், பலர்.

விவாதம் வேறு, உரையாடல் வேறு. 1873ஆம் ஆண்டு பாணந்துறையில், கொட்டாஞ்சேனை விகாரையைச் சேர்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் கிறித்தவப் போதகர்களுக்கும் இடையே புகழ்பெற்ற விவாதம் நடைபெற்றது. அங்கே வெற்றி தோல்வி உண்டு. அதே ஆண்டில் மருதானையை அடுத்த மாளிகாகந்தையில் ஹிக்கடுவே சுமங்கல தேரர் வித்தியோதய பிரிவேனாவை நிறுவினார். அங்கு கற்பிக்கப்பட்ட பாளி மொழியில் கூடிப் பேசுதலுக்குச் ‘சாகச்சா’ என்று பெயர். உரிய காலத்தில் தருமத்தைக் குறித்துக் கூடிப் பேசுதலை மங்கல சுத்தம் மங்கலங்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றது. சிங்களத்தில் இன்றும் வழங்கும் ‘சாகச்சாவ’ அச்சொல்லே. தமிழில் அதனை உரையாடல் என்கின்றோம்.

சொல்லின் பொருளைத் தவறவிட்டால் நேர்வதென்ன? 1957 ஜூலை 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்தனர். தமிழ் மொழியின் நிர்வாக உபயோகம், பிரதேச சபைகள் ஆகியன பற்றி இருவரும் இணங்கினர். ஆனால் இரு இனத்தவரிடையேயும் எதிர்ப்பாளர் இருந்தனர். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குகள் பலர் பிரதமரின் இல்லத்தின் முன்னே கூடி வற்புறுத்தவே, உடன்படிக்கை கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நாட்டில் இனக்கலவரம் மூண்டது.

உள்ளே இருவர் பேசினர். அச்சொல் வாயிலில் நின்றோரின் ஊடாகச் செல்லவில்லை. இருவர் பேசினால் போதும் என்பது ‘டியா’வை இரண்டு என்று கொள்ளும் பிழையை ஒத்ததாகும். பிறருடைய சொல் தம்மூடாகச் செல்ல இடங்கொடுப்பவரே உரையாடலில் கலந்துகொண்டவராவார். ஏனையோர், மேடையில் வசனம் ஒப்பிப்பவரே.