டேட்டா சென்டர் பயிற்சி: ஏணியில் நின்றவருக்கு நாற்காலி இல்லை

(சென்னையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐ.டி. ஊழியர்களுக்கு டேட்டா சென்டர் பராமரிப்புப் பயிற்சி என்று தலைப்புக் கொடுத்தபோதே ஒரு தோழர் கேட்டார், "சாதி ஒழிப்பு மேடையில் இது எதுக்கு?" என்று. நியாயமான கேள்வி. ஆய்வு மாணவனாக வருவதற்கு முன் நான்கு ஆண்டுகள் அப்படியொரு கட்டடத்தில் ஷிப்ட் பார்த்தவன் நான். அங்கே பார்த்த ஒரு ஏணியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் போட்டோ, உங்கள் ஜிபே கணக்கு, இந்தக் கூட்டத்துக்கு வந்த அழைப்பு எல்லாம் 'கிளவுடில்' இருப்பதாகச் சொல்கிறார்கள். மேகமும் இல்லை, வானமும் இல்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் நிற்கிற கான்கிரீட் கட்டடங்கள்தான் அவை. கடலடி கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் இங்கே அவை பெருகுகின்றன. 2021இல் தமிழ்நாடு அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

அந்தக் கட்டடத்துக்குள் இரண்டு பகுதிகள். சர்வர் அடுக்குகள் நிற்கிற குளிர்ந்த அறை 'ஒயிட் ஸ்பேஸ்'. டிரான்ஸ்பார்மர், யு.பி.எஸ்., பாட்டரி, சில்லர், டீசல் ஜெனரேட்டர் இருக்கிற பகுதி 'கிரே ஸ்பேஸ்'. பெயர் வைத்தவர்கள் நிறத்தை மட்டும்தான் நினைத்திருப்பார்கள், நான் பழி சொல்லவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஊரும் சேரியும் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. வெள்ளைப் பகுதியில் கம்பெனி ஊழியர், நீல நிற அடையாள அட்டைக் கயிறு, மருத்துவக் காப்பீடு, பயிற்சி. சாம்பல் பகுதியில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், மஞ்சள் கயிறு. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள். கேன்டீன் ஒன்றுதான், ஆனால் மேசை ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. எந்தக் கம்பெனியும் இவர்களின் சாதிக் கணக்கை வெளியிடுவதில்லை. நான் அறிந்தவரை, நான் வேலை செய்த இடத்து ஜெனரேட்டர் அறையிலும் துப்புரவிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் தெருக்களில் இருந்து வந்தவர்கள்.

ஐ.டி. ஆட்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாகத் தேவை. நான் படித்தது கணினிப் பொறியியல். நெட்வொர்க் தெரியும், லினக்ஸ் தெரியும், மும்முனை மின்சாரம் தெரியாது. சர்வர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின் கேபிள்கள் இருக்கும். ஒன்றை 'ஏ' வழியிலும் இன்னொன்றை 'பி' வழியிலும் செருக வேண்டும். ஒரு வழி போனால் மற்றது தாங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் இரண்டையும் ஒரே வழியில் செருகிவிட்டேன். கோடிக்கணக்கில் செலவழித்து இரட்டை வழி அமைத்ததை இரண்டு நிமிடத்தில் வீணாக்கினேன். அதைக் கண்டுபிடித்துக் கழற்றி மாற்றியவர் சாம்பல் பகுதிக்காரர் ஒருவர். எல்லோரும் அவரை 'டி.ஜி. அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். இன்றும் இதே துறையில் இருப்பதால் அவர் பெயரைச் சொல்லவில்லை.

ஒருமுறை எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். வெளியூரிலிருந்து பயிற்சியாளர், சான்றிதழ், மதியம் பிரியாணி. அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஜெனரேட்டரை மாதாமாதம் ஓட்டிப் பார்க்கிறீர்கள். சும்மா ஓட்டினால் போதாது, லோடு கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். ஏன்?" நாங்கள் இருபது பேர், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அறையின் ஏ.சி. ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஏணிமேல் நின்றிருந்த டி.ஜி. அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "லோடு இல்லாம ஓட்டினா இன்ஜின் சூடேறாது சார். டீசல் முழுசா எரியாம புகைக்குழாய்ல கரியும் எண்ணெயுமாப் படியும். அவசரத்துக்கு லோடு எடுக்கும்போது திணறும்."

பயிற்சியாளர் மகிழ்ந்துபோய், "வாங்க, வந்து உட்காருங்க" என்றார். எங்கள் மேலாளர் குறுக்கே வந்தார். "அவர் வெண்டர் ஆள் சார், லிஸ்ட்ல இல்லை."

அண்ணன் ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இருபது பேரும் அவர் சொன்ன பதிலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஒரு ராத்திரி மின்சாரம் போனது. இப்படிப் போகும்போது யு.பி.எஸ். பாட்டரிகள் சில நிமிடங்கள்தான் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி லோடை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் பாட்டரி செத்துக் கிடந்தது. ஆமாம், கார் பாட்டரி மாதிரி ஒரு சின்ன பாட்டரி. அண்ணன் ஓடிப்போய்ப் பக்கத்து ஜெனரேட்டரின் பாட்டரியிலிருந்து கேபிள் கொடுத்துக் கிளப்பினார். அதற்குள் சில அடுக்குகள் அணைந்துவிட்டன.

மறுநாள் விசாரணை. அந்த பாட்டரியின் வோல்ட்டேஜ் இறங்குகிறது என்று அண்ணன் மூன்று வாரமாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார். தமிழில் எழுதியிருந்தார். மேலே யாரும் படிக்கவில்லை, அல்லது படித்தும் வாங்கித் தரவில்லை. அறிக்கையில் காரணம் 'ஆபரேட்டர் தவறு' என்று வந்தது. அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள்.

அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்.

அவரும் நானும் ஒரே தாலுகா. இரண்டு பேரும் காலனி. எனக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைத்தது, நீலக் கயிறு கிடைத்தது. அவர் என் வயதில் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அங்கே நான் யார் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பதிவேட்டைப் பற்றிப் பேசினால், 'உனக்கு ஏன் அவர்மேல் இவ்வளவு அக்கறை' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். இதை இவ்வளவு பேர் முன்னால் சொல்வது இதுவே முதல்முறை.

இது எங்கள் கட்டடத்துக் கதை மட்டுமில்லை. 2017 மே மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்கள் முடங்கி சுமார் 75,000 பயணிகள் தவித்தார்கள். டேட்டா சென்டரில் ஒரு பொறியாளர் மின்சாரத்தைத் துண்டித்து, பிறகு முறையில்லாமல் மீண்டும் இணைத்ததுதான் காரணம் என்றது நிர்வாகத் தரப்பு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகர அரசு டேட்டா சென்டரில், யு.பி.எஸ். லித்தியம் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றுபோயின. இரண்டும் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். நிரல் எழுதுகிற மேசையில் இல்லை, மின்சாரத்தைத் தொடுகிற கையில். பயிற்சியை மட்டும் ஏன் அந்தக் கைக்குக் கொடுப்பதில்லை?

1936இல் லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்ட உரையில் பாபாசாகேப், வேலையைப் பிரித்துக்கொள்வதையும் வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்து அடுக்கிவைப்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். நம்மில் பலர் அதைக் கிராமத்துக்கான பாடமாகவே படிக்கிறோம். சான்றிதழும் தேர்வுக் கட்டணமும் ஆங்கிலக் கையேடும் அதே அடுக்கை ஏ.சி. அறைக்குள் கட்ட முடியும். இருபது வருடம் இயந்திரத்தோடு வாழ்ந்தவர் 'வெண்டர் ஆள்', மூன்று நாள் உட்கார்ந்தவன் 'நிபுணன்'.

என்ன செய்யலாம்? தொழிற்பழகுநர் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் துறையில் ஒதுக்கீடு கேட்டால் 'தகுதி' என்று குதிப்பவர்கள், அந்தத் தகுதியைத் தருகிற பயிற்சியில் சட்டப்படியான ஒதுக்கீடு நடக்கிறதா என்று சொல்லட்டும். அரசிடம் சலுகை வாங்குகிற டேட்டா சென்டர்கள் எத்தனை பழகுநர்களை எடுத்தன, அதில் யார் யார் என்று கேட்க வேண்டும். பயிற்சிப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளர் பெயரும் வர வேண்டும், பயிற்சி நாளுக்குச் சம்பளத்தோடு. இயக்கக் கையேடு தமிழிலும் இருக்க வேண்டும். தமிழில் எழுதிய பதிவேட்டைப் படிக்க மேலே ஒருவர் இருக்க வேண்டும். இதெல்லாம் புரட்சியில்லை என்று தோழர்கள் சொல்லலாம். சரி, இல்லைதான். ஒரு ஸ்டார்ட்டர் பாட்டரி விலைதான்.

போன வருடம் அண்ணனைத் தேடிப்பிடித்துப் பேசினேன். அந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். "தெரியும் தம்பி, கீழே உன் பேரும் இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மூணு நாள் கிளாஸ் புக்கு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தமிழில் எழுதுகிறோம். நான் மொழிபெயர்க்கிறேன், அவர் திருத்துகிறார். அவரோடு ஷிப்ட் பார்க்கிற நான்கு பேர் சேர்ந்து படிக்கிறார்கள். பாட்டரி பாடம் வரை வந்திருக்கிறோம். அதில் மட்டும் இரண்டு இடத்தில் புத்தகமே தப்பு என்கிறார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே.