வரலாற்றை விரும்புவோர்க்கு வாழ்வு உண்டு

(கரக்பூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியும் தொழிலும் பற்றி இவ்விழாவில் சில சொற்கள் சொல்லுமாறு செயற்குழுவினர் கேட்டுக்கொண்டனர். பொறியாளர்களும் ஆசிரியர்களும் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டும் எழுத்தராகிய நாம் கல்வியைப் பற்றிப் பேசுவது சற்று மிகையாகத் தோன்றலாம். ஆயினும், பழந்தாள்களோடு பழகிப் பழகி நமக்கு வரலாற்றின்மேல் தீராத ஈடுபாடு உண்டாகிவிட்டது. ஆதலின், வரலாற்றை விரும்பும் பிள்ளைகளுக்கு எத்தகைய தொழில்கள் காத்திருக்கின்றன என்பதையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டோம்.

நம் காலனியில் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையொன்று, ‘நான் வரலாறு படிக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால், அவ்வீட்டில் அன்றிரவு எவருக்கும் சோறு இறங்குவதில்லை. ‘வரலாறு படித்து எந்த ஆபீசில் உட்காருவாய்?’ என்கிறார் தந்தையார். ‘ஐ.ஐ.டி. வாசலில் குடியிருந்துகொண்டு இப்படியும் ஓர் ஆசையா?’ என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. இக்கேள்விகளை நாம் இகழவில்லை. 1887இல் தோன்றிய பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காலந்தொட்டு, ஊரையும் உறவையும் விட்டு, மாதச் சம்பளத்தை நம்பி வடக்கே வந்த குடும்பங்கள் நம்முடையவை. வேலை கிடைக்குமா என்று கேட்பது பேராசை அன்று, பொறுப்பு. ஆகவே அக்கேள்விக்கு நேரான விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதற்கண், வரலாறு அறிந்தவர் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நம் இருப்புப் பாதையைக் கொண்டே காண்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை போட்டார்கள். பாதைக்கு ஜல்லி வேண்டும். அருகில் கல் இல்லை. வழியில் ஹரப்பா என்னும் சிற்றூரின் மேட்டில் சுட்ட செங்கற்கள் குவிந்து கிடந்தன. ஒப்பந்தக்காரர்கள் அவற்றை வாரிச் சென்றார்கள். ஏறத்தாழ 100 மைல் நீளப் பாதைக்கு ஜல்லியாக அச்செங்கற்கள் போதுமானவையாக இருந்தன என்று, தொல்லியல் துறையைத் தொடங்கி வைத்த அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதி வைத்துள்ளார். 1921இல் தயாராம் சாஹ்னி அம்மேட்டை முறையாக அகழ்ந்தார். மறு ஆண்டு ராக்கால்தாஸ் பானர்ஜி மொஹஞ்சதாரோவில் அகழ்ந்தார். 1924இல் ஜான் மார்ஷல், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெருநாகரிகம் ஒன்று வெளிப்பட்டது என்று உலகுக்கு அறிவித்தார். அதற்குள் ஹரப்பாவின் மேற்பகுதி வண்டிச் சக்கரங்களின் கீழ் நொறுங்கிப் போயிருந்தது.

செங்கல்லை எடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். அதன் வயதை அறிந்து, ‘பொறுங்கள், இதைத் தொடாதீர்கள்’ என்று சொல்ல அன்று ஒருவரும் இல்லை. அப்படிச் சொல்லத் தக்கவராக ஆவதே வரலாற்றுத் தொழிலின் சாரம். இக்காலத்தில் அத்தொழிலுக்கு அலுவலகம் உண்டு, பதவி உண்டு, சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு.

அவற்றுள் நம் பிள்ளைகளுக்கு மிக அணுக்கமானது கல்வெட்டுப் பணி. இந்தியத் தொல்லியல் துறை 1861இல் தோன்றியது. அதன் கல்வெட்டுப் பிரிவின் தலைமையகம் 1966 முதல் மைசூரில் இயங்கி வருகின்றது. அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கான பிரிவு நாகபுரியில் உள்ளது. கல்வெட்டாய்வாளர் கோயிற்சுவரையோ குகையையோ அடைந்து, கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் மெல்லத் தட்டுவார். எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் படிந்தபின் மேலே மை ஒற்றுவார். பள்ளத்தில் மை ஏறாது. ஆதலின் கரிய தாளில் எழுத்துகள் வெள்ளையாகத் தோன்றும். இதனை மைப்படி என்பர். பின்னர் அதனை எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிப்பிப்பர். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்னும் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. வெயிலும் படியேற்றமும் மிகுந்த வேலைதான். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளாக எவரும் படிக்காத ஒரு வரியை முதலில் படிக்கும் கண்ணாக நம் கண் இருக்கலாம். இதனினும் பெரிய கனவு வேலை வேறு எது?

இவ்விடத்தில் பெற்றோரிடம் ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். தொல்லியல் துறை தன் பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றை நடத்துகின்றது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அதற்கான அறிவிக்கையில் தகுதிக்குரிய செம்மொழிகளைக் குறித்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. தமிழகத்திலிருந்து கண்டனம் எழுந்தது. சில நாட்களில் தமிழும் பிற தென்மொழிகளும் சேர்க்கப்பெற்றன. அடைத்த கதவைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அக்கதவுக்குள் நுழைவதற்கு நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டுமே! வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கடைவீதியில் வங்கமும் இந்தியும் தெலுங்கும் சரளமாகப் பேசுகிறார்கள். ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் திருமண அழைப்பிதழைப் படிக்கச் சொன்னால் தாயிடம் நீட்டுகிறார்கள். மைசூரில் கல்வெட்டைப் படிப்பது பின்னர் ஆகட்டும்; முதலில் அவ்வழைப்பிதழைப் படிக்கட்டும்.

அடுத்தது ஆவணக் காப்பகம். 1891இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்று, தலைநகர் மாறியபின் டில்லிக்குச் சென்ற அரசு ஆவணக் காப்பகமே இன்றைய தேசிய ஆவணக் காப்பகம். தாளைப் பூச்சியிடமிருந்து காப்பது, நைந்த தாளுக்கு மெல்லிய தாள் ஒட்டி உயிர் கொடுப்பது, எந்தக் கோப்பு எங்குள்ளது என்று பட்டியல் எழுதுவது, இப்போது கணினியில் ஏற்றுவது ஆகியவை அங்குள்ள பணிகள். இவற்றுக்கென அக்காப்பகமே பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றது.

‘பழைய தாளைக் காப்பதற்கு ஒரு படிப்பா?’ என்று எவரும் நகைக்க வேண்டா. நம் பணிக்காலத்தில் கலாசி ஒருவர் இறந்தபின் அவருடைய மனைவியார் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்தார். பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் இருக்க வேண்டிய பக்கம் ஈரத்தில் நைந்து, எழுத்தே தெரியவில்லை. மாதக்கணக்கில் அலைந்தார் அவ்வம்மையார். இறுதியில், அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பாஸ் பதிவேடு ஒன்றில், கணவர் குடும்பத்தோடு ஊருக்குச் செல்லப் பாஸ் வாங்கிய குறிப்பு கிடைத்தது. மனைவி பெயர், வயது, இரு பிள்ளைகளின் பெயர் யாவும் அதில் இருந்தன. அந்த ஒரு வரியால் அவர் வீட்டில் மீண்டும் அடுப்பெரிந்தது. அப்பதிவேட்டைக் கழிவுத்தாளோடு போடாமல் கட்டி வைத்த பழைய எழுத்தர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்ததும் ஆவணக் காப்பாளரின் தொழில்தான்.

மூன்றாவது அருங்காட்சியகம். கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் 1814இல் நிறுவப்பட்டது. டில்லியில் தேசிய அருங்காட்சியகம் 1949இல் தொடங்கியது. நம் ரயில்வேக்கும் 1977 முதல் டில்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் உண்டு. காப்பாட்சியர், பொருள்களைப் பழுதுபார்த்துக் காப்போர், வழிகாட்டிகள் எனப் பலர் இவ்விடங்களில் பணியாற்றுகின்றனர். பக்கத்து வீட்டு மாமா பெருமையோடு சுட்டும் ஐ.ஐ.டி.யும் 1951இல் ஹிஜிலித் தடுப்புக்காவல் சிறையின் கட்டடத்திலேதான் தொடங்கிற்று. 1931 செப்டம்பர் 16ஆம் நாள் அச்சிறையில் காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இரு விடுதலை வீரர்கள் உயிர் நீத்தனர். அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாகவும் விளங்குகின்றது. பொறியியல் பயில வருவோர்க்கும் அவ்வரலாற்றை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கின்றது அன்றோ?

இனி, கசப்பான உண்மையையும் சொல்லிவிடுவோம். இப்பதவிகள் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். போட்டித் தேர்வு எழுத வேண்டும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். விரும்பிய எல்லோர்க்கும் கிடைத்துவிடும் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆசிரியப் பணி ஒன்றே வரலாறு படித்தோரில் பலர்க்குச் சோறிடுகின்றது. அதுவும் உயர்ந்த பணியே.

பதவி கிடைக்காவிடின் விருப்பத்தைப் புதைத்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அசோகனின் எழுத்தை 1837இல் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் மாற்றுப் பார்த்த அலுவலர். சாஞ்சியின் தூண்களில் இருந்த சிறு கல்வெட்டுகள் பல ஒரே ஈரெழுத்தில் முடிவதைக் கண்டார். இவை அடியார்கள் அளித்த கொடையைக் குறிப்பன ஆகலாம். ஆகவே அச்சொல் ‘தானம்’ என்று ஊகித்தார். அந்த ஒரு சொல் திறவுகோலாயிற்று. பிராமி எழுத்து முழுதும் திறந்துகொண்டது. நம்மவரான ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். அரசுக் கோப்புகளுக்கிடையே கிடைத்த நேரத்தில் தமிழ்நாட்டுக் குகைகளின் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தார். புகழூர்க் குன்றில் சங்ககாலச் சேர மன்னர் மூன்று தலைமுறையினரின் பெயர்களை இனங்கண்டார். 1966இல் அக்கல்வெட்டுகளின் தொகுப்பையும், 1977இல் சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பையும் வெளியிட்டார். இவ்விருவர்க்கும் சம்பளம் கொடுத்தது ஒரு வேலை. பெயர் கொடுத்தது மற்றொரு வேலை.

ஆகவே பெற்றோரே, வரலாறு படிக்க விரும்பும் பிள்ளையிடம், ‘வேண்டா’ என்று சொல்வதற்கு முன்னர், ‘எந்த வேலைக்கு, எந்தத் தேர்வுக்கு, எத்தனை ஆண்டு?’ என்று கேளுங்கள். பிள்ளைகளே, அதற்கு விடை தேடி வைத்துக்கொண்டு தந்தையின் முன் நில்லுங்கள். கணக்குத் தெரிந்த ஆசைக்கு எந்தத் தந்தையும் தடை சொல்லார்.

சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். ஞாயிறுதோறும் காலையில் தமிழ் எழுத்து வகுப்பைத் தவறாது நடத்துவோம். சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளும் ஆண்டு மலர்களும் நிழற்படங்களும் கூடத்து மரப்பெட்டியில் கரையானுக்கு இரையாகி வருகின்றன. மாணவர் இருவரைப் பொறுப்பாக்கி, அவற்றை உலர்த்தி, வரிசைப்படுத்தி, பட்டியல் எழுதச் செய்வோம். நம் பாட்டன்மார் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தப் பட்டறைக்கு வந்தனர் என்பதும் அப்பெட்டிக்குள்தான் இருக்கின்றது. மூன்றாவதாக, வரும் குளிர்காலத்தில் பிள்ளைகளோடு லோக்கல் வண்டியேறி ஹௌரா வழியாக இந்திய அருங்காட்சியகம் சென்று வருவோம். அங்கே பார்ஹுத் தூபியின் கல்வேலி உள்ளது. அதில் கொடையாளர் பெயர்களின் பின்னே பிராமி எழுத்தில் அதே ‘தானம்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அச்சொல்லை நம் காலனிப் பிள்ளை ஒருத்தி விரல் நீட்டிப் படித்துக் காட்டட்டும். அவள் நாளை எந்த அலுவலகத்தில் அமர்ந்தாலும், பழந்தாளைக் கழிவில் எறியமாட்டாள். பழஞ்செங்கல்லை ஜல்லியாக்க விடமாட்டாள். அப்படிப்பட்டவர்கள் நம் காலனியிலிருந்து தோன்றுவார்களாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!