கோல் கீப்பர் கிரிகரி



1981-ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘பன்னீர் புஷ்பங்கள்’ இரண்டும் வந்த ஆண்டு அது. ஒன்றில் பாரதிராஜா கடலோரக் கிராமத்தில், மற்றதில் பாரதி–வாசு ஊட்டிப் பள்ளியில், மீசை அரும்பும் வயதின் காதலைச் சொன்னார்கள். அதே ஆண்டில் பிரிட்டனில் வெளியானது பில் ஃபோர்சைத் எழுதி இயக்கிய ‘கிரிகரிஸ் கேர்ள்’.

கதை நடப்பது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள கம்பர்நால்டு என்ற ஊரில். பள்ளிக் கால்பந்து அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. டோரத்தி என்ற மாணவி வருகிறாள். பையன்களையெல்லாம் ஆட்டத்தில் ஓரங்கட்டுகிறாள். முன்வரிசையில் ஆடிய கிரிகரி கோல் கீப்பராகப் பின்னால் தள்ளப்படுகிறான். இடம் பறிபோனதற்காக அவன் குமுறவில்லை. பறித்தவள் மீதே காதல் கொள்கிறான்!

டோரத்தியைச் சந்திக்கப் புறப்பட்ட மாலையில் அவள் வரவில்லை. ஒரு தோழி வருகிறாள், அவனை இன்னொருத்தியிடம் ஒப்படைக்கிறாள், கடைசியில் சூசன் வந்து நிற்கிறாள். எல்லாம் பெண் பிள்ளைகள் கூடிப் போட்ட திட்டம். கிரிகரி கோபப்படவில்லை, டோரத்தியைத் துரத்தவும் இல்லை. சூசனோடு பூங்காப் புல்லில் படுத்துக்கொண்டே கைகளை ஆட்டி நடனமாடுகிறான். துரத்துவதையே வீரமாகக் காட்டிய எத்தனையோ படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இந்தப் பையனின் கண்ணியம் பெரிய விருந்து. இந்தப் படத்தின் திரைக்கதைக்கு பாஃப்டா விருது கிடைத்தது முற்றிலும் நியாயம்.

ஏமாற்றத்தையும் லேசாக்கும் இந்தச் சிரிப்பு நம் படங்களில் ஏன் அபூர்வம்? ‘அலைகள் ஓய்வதில்லை’யில் காதலர்கள் மதத்தின் அடையாளங்களையே கழற்றி எறிய வேண்டியிருந்தது. கம்பர்நால்டில் கிரிகரிக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. அவன் சிரிக்க முடிந்ததற்கு அதுவும் காரணம். பிரேம்குமாரின் ‘96’ (2018) எத்தனை மென்மையான படம்! அதிலும் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் விட்ட காதல் ராமின் நெஞ்சில் இருபதாண்டுக்கு மேல் தங்கிவிடுகிறது.

இங்கே அபுதாபி முசஃபாவின் ஷாபியா அடுக்குமாடிகளில் அதே வயதுப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து களைத்து வருகிறார், அம்மாவுக்கு ஊர்ப் பேச்சின் மீது பயம். பிள்ளையின் தடுமாற்றம் கைப்பேசிக்குள் ஒளிந்துகொள்கிறது. கிரிகரிக்கோ வீட்டிலேயே ஆலோசகர் உண்டு: அவனுடைய சின்னத் தங்கை மேடலின். எப்படி உடுத்துவது, பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று அவளே அண்ணனுக்குச் சொல்லித்தருகிறாள், அவனும் கேட்டுக்கொள்கிறான்.

அடுத்த விடுமுறையில் இந்தப் படத்தைப் பிள்ளைகளை மட்டும் தனியே பார்க்க விடாதீர்கள். பெற்றோரும் பக்கத்தில் உட்காருங்கள். கிரிகரி தடுமாறும் இடங்களில் அவர்களோடு சேர்ந்து சிரியுங்கள். படம் முடிந்ததும் அறிவுரை வேண்டாம். அவர்கள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.