சுண்டெலியின் மூளையும் நம் மூளையும்



மூளையின் உயிரணுக்களை அறிஞர்கள் நெடுங்காலமாக உருவத்தைக் கொண்டே வகைப்படுத்தி வந்தார்கள். 1873-இல் இத்தாலியரான கோல்ஜி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களைக் கருமையாக்கிக் காட்டும் முறையைக் கண்டறிந்தார். மறு ஆண்டு கீவ் நகரத்து உடற்கூற்றறிஞர் பெட்ஸ், தசைகளை இயக்கும் மூளைப் பகுதியில் மிகப் பெரிய நரம்பணுக்களைக் கண்டு விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. சுண்டெலியின் மூளையில் அத்துணைப் பெரிய அணுக்கள் இல்லை. அப்படியாயின், அவ்வகை அணுவே அதற்கு இல்லையா? உருவம் இதற்கு விடை சொல்லாது.

இப்பொழுது வேறொரு வழி பிறந்திருக்கிறது. உடலின் அணுக்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே ஜீன் தொகுதிதான் இருக்கிறது. பள்ளி நூல்நிலையம் எல்லோருக்கும் பொது. ஆயினும் கணித மாணவன் எடுக்கும் நூல் வேறு, சரித்திர மாணவன் எடுக்கும் நூல் வேறு. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், நூல்நிலையப் பதிவேட்டைப் பார்த்தே ஒருவன் எந்தப் பிரிவினன் என்று சொல்லிவிடுவேன். (கதைப் புத்தகம் மட்டுமே எடுப்போரை விட்டுவிடுங்கள்!) அணுவும் அவ்வாறே தனக்கு வேண்டிய ஜீன்களை மட்டும் படியெடுக்கிறது. அப்படிகளே ஆர்.என்.ஏ. எனப்படுவன. கிளைகள் பின்னிக் கிடக்கும் நரம்பணுவை முழுமையாகப் பிரித்தெடுப்பது அரிது. ஆகவே உட்கருவை மட்டும் பிரித்து, அதிலுள்ள படிகளை எண்ணிப் பார்க்கிறார்கள்.

2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மனிதன், மார்மொசெட் என்னும் சிறு குரங்கு, சுண்டெலி ஆகிய மூன்றின் இயக்கப் பகுதியிலிருந்தும் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட உட்கருக்கள் ஆராயப்பட்டன. 45 வகைகள் மூன்றுக்கும் பொதுவாக அமைந்தன. பெட்ஸ் கண்ட பேரணுக்களுக்கும் சுண்டெலியில் உறவினர் உண்டு. உருவத்தில் சிறியவை, ஜீன் வழக்கத்தில் ஒரே இனத்தவை.

ஆனால் உறவு வேறு, ஒப்புமை வேறு. 2019-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆலன் நிறுவனத்தார், மனித மூளையின் பக்கவாட்டுப் பகுதியொன்றில் 75 அணு வகைகளைப் பிரித்தறிந்து, சுண்டெலியோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான வகைகளுக்குச் சுண்டெலியில் இணை கிடைத்தது. எனினும் செரட்டோனின் என்னும் இரசாயனத் தூதை ஏற்கும் வாயில்களை ஆக்கும் ஜீன்கள், இரண்டிலும் வெவ்வேறு வகை அணுக்களில் இயங்கக் காணப்பட்டன. மனச்சோர்வுக்கான மருந்துகள் பல இந்தச் செரட்டோனினைச் சார்ந்தே வேலை செய்கின்றன. சுண்டெலிக்குக் குணம் தந்த மருந்து நோயாளிக்குப் பயன்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அதற்காகச் சுண்டெலியைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. எந்த அணுவில் அதை நம்பலாம், எதில் நம்பலாகாது என்பதை மருந்து செய்வோர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள இந்த வரைபடம் உதவும்.

அதற்கு வேண்டிய மனிதத் திசு, இறந்தோர் அளித்த தானத்தாலும், அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிகளிடமிருந்து அகற்ற நேர்ந்த சிறு துண்டுகளாலும் கிடைத்தது.